துறைமுகம் இல்லாத தளபதி: சுஃப்ரேனின் கடற்படை வாழ்க்கை

1782 பிப்ரவரி 9 அன்று, மொரீஷியஸிலிருந்து (அன்றைய பெயர் இல் தெ ஃப்ரான்ஸ்) சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கடற்படையின் தலைவர் தோர்வ் பிரபு நோயால் இறந்துபோனார். அடுத்த மூத்த அதிகாரி பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன். வயது 52. பதினான்கில் கடற்படைக்கு வந்தவர், ஒரு முழுப் படைக்குத் தலைமை ஏற்க 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவும் இன்னொருவர் செத்ததால் கிடைத்தது.

அடுத்த 16 மாதங்களில் சதுரங்கப்பட்டினத்துக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் இடைப்பட்ட கடலில், ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸோடு ஐந்து போர்கள் நடத்தினார். ஐந்திலும் எந்தப் பக்கமும் எதிரியிடம் ஒரு போர்க்கப்பலைக்கூட இழக்கவில்லை. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும்: மேதையான தளபதி, காலை வாரிய கோழைக் கேப்டன்கள். இதில் பாதி உண்மைதான். அந்தக் கேப்டன்களில் பெரும்பாலோர் கோழைகள் அல்லர். பிரெஞ்சுக் கடற்படை எப்படி ஆக்கியதோ அப்படி இருந்தார்கள். சுஃப்ரேனும் அதே பட்டறையில் அடித்து எடுக்கப்பட்டவர்தான். அந்தப் பட்டறையைப் பார்க்காமல் சதுரங்கப்பட்டினத்துப் போரைப் புரிந்துகொள்ள முடியாது.

பிறந்தது 1729 ஜூலை 17, தெற்கு பிரான்ஸில் ப்ரோவான்ஸ் பகுதியின் சேன் கன்னா என்ற ஊரில். பிரபுக் குடும்பத்தின் மூன்றாவது மகன். மூத்தவனுக்குச் சொத்து; இளையவர்களுக்குத் தேவாலயம், தரைப்படை, கடற்படை, மால்ட்டா வீரர் சபை என்னும் கத்தோலிக்கப் போர்த்துறவியர் அமைப்பு. இவருக்குக் கடற்படையும் மால்ட்டாவும் சேர்த்தே விதிக்கப்பட்டன. 1743 அக்டோபரில் தூலோன் துறைமுகத்தில் 'கார்ட் தெ லா மரீன்' என்னும் பயிற்சி அதிகாரிகளின் கம்பெனியில் சேர்ந்தார். இத்தகைய கம்பெனிகள் மூன்று: ப்ரெஸ்ட், ரோஷ்ஃபோர், தூலோன். உள்ளே நுழையப் பிரபு வம்சத்துக்கான ஆவணச் சான்று வேண்டும்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. கணிதம், கடல்வழி கணிப்பு, வரைபடம், கப்பல் கட்டும் நுட்பம், பீரங்கி, வாள்வீச்சு, நடனம். 1760களில் கணித அறிஞர் பெஸூ எழுதிய கணிதப் பாடநூல் இந்தப் பையன்களுக்காகவே உருவானது. கோட்பாட்டில் ஆங்கிலேயப் பயிற்சி அதிகாரிகளைவிடப் பிரெஞ்சுப் பையன்கள் தேறியவர்கள். சொல்லிக்கொடுக்காதது ஒன்று உண்டு: பதினைந்து கப்பல்கள் ஒன்றாக எப்படி நகர்வது. அதைக் கரும்பலகையில் கற்பிக்க இயலாது. கடலில் செய்து பார்க்க வேண்டும்; செய்து பார்க்கப் பணம் வேண்டும். அமைதிக் காலத்தில் பிரெஞ்சு அரசு கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டுச் செலவை மிச்சம் பிடிக்கும். கூட்டு நகர்வுப் பயிற்சிக்கென்றே தனிப்படைகளை அனுப்பும் வழக்கம் 1770களில்தான் வந்தது. 1776-இல் சுஃப்ரேன் அல்க்மேன் என்ற ஃபிரிகேட்டோடு (வேகமான சிறிய போர்க்கப்பல்) அத்தகைய படையில் சென்றார். அப்போது அவருக்கு வயது 46.

சேர்ந்த நான்கே மாதத்தில் முதல் போர்: 1744 பிப்ரவரி, தூலோனுக்கு வெளியே, 'சொலீத்' என்ற கப்பலில். 1747 அக்டோபரில் ஃபினிஸ்தேர் முனைக்கு அப்பால் ஆங்கிலேயத் தளபதி ஹாக்கின் படையிடம் 'மொனார்க்' பிடிபட்டபோது கைதியானார். 1756-இல் மினோர்க்கா போரில் இருந்தார். 1759 ஆகஸ்டில் போர்ச்சுகல் கரையோரம் லாகோஸில், பிரெஞ்சுத் தளபதி லா க்ளூவின் கொடிக்கப்பலான (தலைமைக் கப்பலான) 'ஓசேயான்' அழிந்தபோது இரண்டாம் முறை கைதியானார். முப்பது வயதிலேயே இரண்டு ஆங்கிலேயச் சிறைவாசம். இரண்டு தோல்விகளிலும் பின்வாங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் துரத்திவந்து பின்பகுதியை மொய்த்தார்கள். பின்னாளில் சுஃப்ரேன் எப்போதும் எதிரியின் வாலையே குறிவைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பதவி ஏணி இப்படி: கார்ட், அதற்கு மேல் ஆன்சேஞ், லியுத்னான் தெ வெசோ, காப்பித்தேன் தெ ஃப்ரேகாத், காப்பித்தேன் தெ வெசோ, ஷெஃப் தெஸ்காத்ர், லியுத்னான் ஜெனரால், உச்சியில் வீஸ் அமிரால். ஏறுவதற்கு இரண்டு வழிதான்: பணிமூப்பு, அல்லது வெர்சாய் அரண்மனையில் ஆள். மேலே இருப்பவர் சாகாமலோ ஓய்வு பெறாமலோ இடம் காலியாகாது; போர் இல்லையென்றால் சாவும் குறைவு. சுஃப்ரேன் 1767-இல் காப்பித்தேன் தெ ஃப்ரேகாத் ஆனார். 1772-இல் காப்பித்தேன் தெ வெசோ. ஏழாண்டுப் போர் முடிந்ததற்கும் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதற்கும் இடையிலான 15 ஆண்டுகளில் ஷெபெக் என்ற சிறு கப்பல்களையும் ஃபிரிகேட்டுகளையும்தான் நடத்தினார்.

ஏணிக்கு வெளியே நின்றவர்கள் 'நீலர்கள்'. வணிகக் கப்பலிலிருந்து போர்க்காலத்துக்கு மட்டும் எடுக்கப்படும் அதிகாரிகள். பிரபு வம்சத்து அதிகாரிகள் சிவப்புக் கால்சட்டையும் சிவப்பு உள்சட்டையும் அணிந்ததால் 'சிவப்பர்கள்'. கடலை அதிகம் தெரிந்தவர் நீலராகவும், அவருக்குக் கட்டளையிடுபவர் சிவப்பராகவும் இருப்பது அன்றாடக் காட்சி. போதாததற்கு ப்ரெஸ்டைச் சேர்ந்த ப்ரெத்தோன்களுக்கும் தூலோனைச் சேர்ந்த ப்ரோவான்ஸ்காரர்களுக்கும் ஆகவே ஆகாது.

சுஃப்ரேனின் இரண்டாவது வாழ்க்கை மால்ட்டாவில். வீரர் சபையின் முழு உறுப்பினர் சபைக் கப்பல்களில் நான்கு 'காரவான்' முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆறு மாதம். துடுப்பால் ஓடும் 'காலி' (galley) வகைக் கப்பல்கள், வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரைத் துரத்தும் வேலை. காலியின் பீரங்கிகள் அணியத்தில், அதாவது முன்முனையில் மட்டும். எதிரியை நேராக நோக்கிப் போய், மிக அருகில் சுட்டு, ஏறிப் பாய்வதே அதன் போர்முறை. தூரத்தில் நின்று பாய்மரத்தைச் சுடும் பழக்கம் அங்கே இல்லை. பண வசதியும் இதில் உண்டு: மூத்த உறுப்பினருக்குச் சபையின் நிலங்களிலிருந்து வருமானம். அரசனின் சம்பளத்தை மட்டும் நம்பாத அதிகாரிக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மணம் செய்துகொள்ளத் தடை. 'பாய்யி' என்று அவர் பெயருக்கு முன்னால் வருவதும் சபை தந்த பட்டம்தான்.

இனிக் கப்பல். அவருடைய 'ஏரோ' 74 பீரங்கிக் கப்பல். கீழ்த்தட்டில் 36 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிகள் 28, மேல்தட்டில் 18 பவுண்டு வகை 30, அதற்கு மேலுள்ள முன், பின் மேடைகளில் 8 பவுண்டு வகை 16. பிரெஞ்சு பவுண்டு ஆங்கிலப் பவுண்டைவிடக் கனம். 36 பவுண்டுக் குண்டு ஒன்று 17.6 கிலோ. ஒரு பக்கப் பீரங்கிகள் முழுவதும் ஒருமுறை வெடித்தால் 838 பவுண்டு, சுமார் 410 கிலோ இரும்பு பறக்கும். 36 பவுண்டுப் பீரங்கியின் குழாய் மட்டும் மூன்றரை டன். அதற்கு 14 ஆள். வெடிமருந்து கொண்டுவர ஒரு பையன் தனி. ஈரத் துடைப்பானால் குழாயைத் துடைத்துக் கனலை அணைப்பது, 12 பவுண்டு மருந்துப் பொதியைத் திணிப்பது, கயிற்றுப் பந்து, குண்டு, மறுபடி கயிற்றுப் பந்து, கப்பிகளால் பீரங்கி வண்டியைக் கப்பலின் பக்கச் சுவரிலுள்ள வாசலுக்கு இழுப்பது, தொளையில் ஊசி குத்திப் பொதியைக் கிழிப்பது, பற்றுமருந்து இடுவது, குறி, தீ. துடைப்பதில் அவசரப்பட்டால் உள்ளே கங்கு மிஞ்சும். அடுத்த பொதியைத் திணிப்பவன் கையோடு போவான். நோயால் ஆள் குறைந்து ஒன்பது பேர் நின்றால் இத்தனையும் நடக்கும், ஆனால் பாதி வேகத்தில். போரில் அந்த வேகம்தான் கணக்கு.

பிரெஞ்சு மரபு காற்றுக்குக் கீழே, அதாவது காற்று போகும் பக்கத்தில் நின்று சண்டையிடுவதை விரும்பியது. இதற்குக் காரணங்கள் உண்டு. காற்று கப்பலைச் சாய்க்கும்போது காற்றுக்கு மேலே நிற்பவரின் எதிரியை நோக்கிய கீழ்த்தட்டு வாசல்கள் தண்ணீரை ஒட்டி இறங்கும். கடல் கொந்தளித்தால் அந்தப் பெரிய பீரங்கிகளை மூடிவிட வேண்டியதுதான். கீழே நிற்பவருக்கு வாசல் உயரும். அடி பலமாக விழுந்தால் காற்றோடு திரும்பி விலகிவிடலாம். எழும் அலையில் சுட்டால் குண்டு மேலே போய் எதிரியின் பாயையும் அதைத் தாங்கும் பருமலையும் கிழிக்கும். அவரால் துரத்த முடியாது. கப்பலைக் காப்பாற்றிக்கொண்டு ஒப்படைத்த வேலையை முடிப்பதற்கு இது புத்திசாலித்தனமான முறை. எதிரியின் படையை அழிப்பதற்கு உதவாது. ஆங்கிலேயர் காற்றுக்கு மேலிருந்து வந்து கப்பலின் உடலைச் சுட்டார்கள். சுஃப்ரேன் ஆங்கிலேயர் மாதிரி நெருங்கினார். அவருடைய கேப்டன்கள் பிரெஞ்சு மாதிரியே யோசித்தார்கள்.

1781 மார்ச் 22 அன்று ஐந்து கப்பல்களோடு ப்ரெஸ்டிலிருந்து புறப்பட்டார்: ஏரோ, அனிபால், ஆர்தேசியன், ஸ்ஃபாங்க்ஸ், வான்ஷர். டச்சுக்காரர் வசமிருந்த நன்னம்பிக்கை முனையைப் பிடிக்க ஆங்கிலேயத் தளபதி ஜான்ஸ்டன் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஆர்தேசியன் முதலில் அமெரிக்காவுக்கென்று ஆயத்தம் செய்யப்பட்ட கப்பல், நீர்ப்பீப்பாய் போதாது. எழுநூறு பேர் கொண்ட கப்பலில் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றாலும் இரண்டு டன்னுக்கு மேல். எனவே தண்ணீர் பிடிக்க கேப் வேர்ட் தீவின் ப்ரையா துறைக்குத் திரும்பினார்கள். ஏப்ரல் 16 காலை முன்னால் போன ஆர்தேசியன் பார்த்தது, அங்கே நங்கூரமிட்டிருந்த ஜான்ஸ்டனின் படையை.

போர்ச்சுகலின் நடுநிலைத் துறை என்பதைப் பொருட்படுத்தாமல் சுஃப்ரேன் நேரே உள்ளே போனார். திட்டம் நன்று, செயல் அலங்கோலம். நங்கூரமிட்டுச் சண்டையிட ஒரு சூட்சுமம் வேண்டும்: நங்கூர வடத்தில் இன்னொரு கயிற்றைக் கட்டி, அதைக் கப்பலின் பின்னணியம் வழியாக உள்ளே கொண்டுவந்து சுழலுருளையில் இறுக்கினால், காற்று எப்படி வீசினாலும் கப்பலின் பக்கவாட்டை எதிரியை நோக்கித் திருப்பி வைக்கலாம். அந்தக் கயிறு முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். நடுநிலைத் துறையில் சண்டை நடக்காது என்று நம்பிய அனிபாலின் கேப்டன் பீரங்கித் தட்டைக்கூட ஒழுங்குபடுத்தாமல் நுழைந்து, ஏரோவுக்குப் பக்கத்தில் நின்று அடிவாங்கிச் செத்தார். ஆர்தேசியனின் கேப்டனும் மாண்டார். கப்பல் காற்றில் விலகிப் போனது. மற்ற இரண்டும் சரியான இடத்தில் நிற்க முடியாமல் தூரத்திலிருந்து சுட்டன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சுஃப்ரேன் வடத்தை வெட்டிக்கொண்டு வெளியேறினார். மூன்று பாய்மரமும் போன அனிபாலை ஸ்ஃபாங்க்ஸ் கட்டி இழுத்தது.

போராகப் பார்த்தால் படுமோசம். ஆனால் ஜான்ஸ்டன் பழுதுபார்க்க நின்றார். சுஃப்ரேன் ஜூனில் முனைக்குப் போய்ச் சேர்ந்து துருப்புகளை இறக்கினார். முனை டச்சுக்காரரிடமே 1795 வரை இருந்தது. ஒரு கப்பலையும் பிடிக்காமல் ஒரு காலனியைக் காப்பாற்றியாயிற்று.

இனிச் சோழமண்டலக் கரை. இங்கே வந்தபோது பிரெஞ்சுக்காரருக்கு இந்தியாவில் துறையே இல்லை. புதுச்சேரி 1778 அக்டோபரில் வீழ்ந்திருந்தது. கூட்டாளியான டச்சுக்காரரின் நாகப்பட்டினத்தை 1781 நவம்பரிலும் திருகோணமலையை 1782 ஜனவரியிலும் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். கரையோரம் முழுக்கத் திறந்த கடல். கப்பல் தள்ளி நங்கூரமிட வேண்டும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை மடிந்து உடையும் வரிசையை ஐரோப்பியப் படகு தாண்டாது. ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகும் கட்டுமரமும்தான் தாண்டும். ஒரு பீப்பாய்த் தண்ணீர்கூட நம்மூர்ப் படகுக்காரர் கை படாமல் கப்பலேறாது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் எந்தப் பெரிய கப்பலும் நிற்கக்கூடாது. காற்று நேராகக் கரையில் தள்ளும். பழுதுபார்க்க வசதியான பிரெஞ்சுத் துறை மொரீஷியஸ்; போய்வர மாதக்கணக்கு. அங்கே திரும்பிப் போவதுதான் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சுஃப்ரேன் போகவில்லை. அவர் செய்தவற்றுள் மிகத் துணிச்சலானது இதுதான் என்பது என் எண்ணம். போர்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் மோதல் பிப்ரவரி 17, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால். முந்தைய இரவு ஹியூஸ் நழுவி வந்து, துருப்பும் வெடிமருந்தும் ஏற்றிய லோரிஸ்தோன் உட்படச் சில சரக்குக் கப்பல்களைப் பிடித்துவிட்டார். பகலில் காற்று விட்டு விட்டு வடகிழக்கிலிருந்து அடித்தது. பிரெஞ்சுக்காரர் காற்றுக்கு மேலே. பன்னிரண்டுக்கு ஒன்பது. சுஃப்ரேன் தம் ஏரோவை வரிசையின் நடுவில் நின்ற ஹியூஸின் கொடிக்கப்பலான சூப்பர்புக்கு எதிரே நிறுத்திக்கொண்டார். அதைத் தாண்டி முன்னே போகவில்லை. ஆங்கிலேய வரிசையின் முன்பக்கக் கப்பல்கள் திரும்பிவர அந்த மெல்லிய காற்று இடம் கொடுக்காது. ஆக ஒன்பதில் பின்பக்கத்து ஐந்துதான் சண்டையில். அந்த ஐந்தையும் இரு புறமும் அணைத்து நசுக்குவதே திட்டம்: வரிசையின் கடைசியில் வரும் பிரெஞ்சுக் கப்பல்கள் சுற்றிக்கொண்டு எதிரியின் மறுபக்கம் போக வேண்டும். அந்தக் கட்டளை பெற்றவர் இரண்டாம் நிலைத் தலைவரான த்ரோம்லேன். அவர் தம் இடத்திலேயே தங்கினார். இரண்டு கப்பல்கள் மட்டும் மறுபக்கம் போயின. வரிசையின் கடைசியில் இருந்த எக்ஸெட்டர் கந்தலாகியும் பிடிபடவில்லை. மாலையில் காற்று மாறி ஆங்கிலேயரின் முன்பக்கம் திரும்பிவந்ததும் ஆட்டம் முடிந்தது.

ஏன் போகவில்லை? வரிசையை விட்டு விலகித் தோற்ற கேப்டன் விசாரணைக் கூண்டில் நிற்பார். வரிசையில் இருந்து தோற்றவரை யாரும் கேட்கப்போவதில்லை. புகையில் கொடி தெரியவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். கொடிச் சைகைகளோ ஏட்டில் உள்ளதை மட்டுமே பேசும். "நான் இங்கே தடுக்கிறேன், நீ பின்னால் சுற்றி வா, காற்று மாறுமுன் முடி" என்று சொல்லக் கொடி கிடையாது. அது முந்தைய இரவே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது. சுஃப்ரேன் கட்டளைகளை எழுதி அனுப்புவார். கேப்டன்களைக் கூட்டிப் புரியவைக்கும் பொறுமை அவரிடம் இல்லை. திட்டுவதில் மட்டும் குறையே வைக்கவில்லை. பழியில் பாதியை அவர் கணக்கிலும் எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பரங்கிப்பேட்டையில் துய்ஷ்மேன் தலைமையில் துருப்புகளை இறக்கினார்கள். அவர்கள் ஹைதர் அலியோடு சேர்ந்து ஏப்ரல் தொடக்கத்தில் கடலூரைப் பிடித்தார்கள். ஒரு வழியாகக் கரையில் கால் வைக்க இடம் கிடைத்தது. ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் ப்ரோவிடியன் திட்டுக்கு அருகே இரண்டாவது போர். இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள் அல்லது காயமுற்றார்கள். ஆங்கிலேயரின் மொன்மத் இரண்டு மரங்களை இழந்தது. இருட்டியதும், ஆழம் தெரியாத பாறைக் கடலில் இரு படைகளும் பக்கத்துப் பக்கத்தில் நங்கூரம் போட்டன. அதே நாளில் மேற்கிந்தியத் தீவுகளில் இன்னொரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியான தெ க்ராஸ் தம் கொடிக்கப்பலோடு ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அந்தச் செய்தி சுஃப்ரேனை ஓராண்டு கழித்து வேறு வடிவில் வந்து சேரும்.

மட்டக்களப்பில் ஒரு மாதம். நோயாளிகளைக் கரையிறக்கி ஸ்கர்வியை (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) தணிப்பது, மரங்களை ஒட்டுப்போடுவது. பிறகு தரங்கம்பாடி, கடலூர். மாலுமியின் அன்றாடப் படி ஊரில் என்றால் 18 அவுன்ஸ் பிஸ்கட்டும் முக்கால் பின்ட் ஒயினும். இங்கே அரிசியும் சாராயமும். செத்த பீரங்கியாளருக்குப் பதிலாக லஸ்கர்களும் (இந்திய மாலுமிகள்) சிப்பாய்களும் கப்பலேறினார்கள்.

ஜூலை 6, நாகப்பட்டினம். பதினொன்றுக்குப் பதினொன்று, முந்தைய மாலை சூறைக்காற்றில் மரம் முறிந்த பிரெஞ்சுக் கப்பல் அஜாக்ஸ் ஒதுங்கி நின்றது. நண்பகலைத் தாண்டி இரண்டு வரிசைகளும் சுட்டுக்கொண்டிருக்கும்போது காற்று சட்டென்று திசை மாறியது. பாய்கள் பின்பக்கமாக அடித்து, கப்பல்கள் ஆளுக்கொரு பக்கம் சுழன்று, வரிசை என்பதே இல்லாமல் போயிற்று. அந்தக் குழப்பத்தில் செவேர் கப்பலின் கேப்டன் சிய்யார் சரணடையக் கொடியை இறக்கினார். கீழே பீரங்கித் தட்டிலிருந்த அதிகாரிகள் ஒப்பவில்லை. சுடுவதை நிறுத்தவும் இல்லை, கொடி மறுபடி ஏறியது. பிரெஞ்சுத் தரப்பில் மாண்டவர் 178, காயமுற்றவர் சுமார் 600. ஆங்கிலேயர் பக்கம் மாண்டவர் 77. உடலைச் சுடுவதற்கும் பாயைச் சுடுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்களிலேயே இருக்கிறது. போருக்குப் பின் சிய்யார், மோர்வில், ஃபோர்பான் ஆகிய மூன்று கேப்டன்களைப் பதவியிலிருந்து இறக்கி அனுப்பினார். மாத இறுதியில் பாகூருக்கு அருகே பாளையமிறங்கியிருந்த ஹைதர் அலியைப் போய்ச் சந்தித்தார்.

பாய்மரம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் படை ஏறத்தாழ மரத்தட்டுப்பாட்டோடுதான் போரிட்டது. 74 பீரங்கிக் கப்பலின் நடுப் பாய்மரத்தின் கீழ்த்துண்டு மட்டுமே சுமார் 35 மீட்டர். அடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டம். அந்தப் பருமனில் தனி மரம் கிடையாது. பால்டிக் கரையின் பைன் மரங்கள் பலவற்றைச் செதுக்கி ஒன்றோடொன்று கோத்து, இரும்புப் பட்டையாலும் கயிற்றுச் சுற்றாலும் இறுக்கிச் செய்வது. பைன் இலேசானது, வளைந்து கொடுக்கும். பனையும் தென்னையும் அதற்கு ஈடாகாது. கடலில் மரம் போனால் தளத்தில் அடுக்கியிருக்கும் உபரி மேல்மரத்தை முறிந்த அடிக்கட்டையோடு சேர்த்துக் கட்டி, சின்னப் பாயை விரித்து ஊர்ந்து போகலாம். ஆனால் படை முழுவதும் மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் போகும். சுஃப்ரேன் ஃபிரிகேட்டுகளையும் சரக்குக் கப்பல்களையும் உரித்துப் பெரிய கப்பல்களுக்கு மரம் கொடுத்தார். ஃபிரிகேட் குறைந்தால் வேவு குறையும். அந்த விலையைத் தெரிந்தேதான் கொடுத்தார். இதோடு செப்புத்தகடு வேறு. ஹியூஸின் கப்பல்கள் பெரும்பாலானவற்றின் அடிப்பாகம் தகடு போர்த்தியது. பிரெஞ்சுக் கப்பல்கள் பலவற்றுக்கு இல்லை. வெப்பக்கடலில் தகடில்லாத பலகையைப் புழு துளைக்கும். பாசியும் சிப்பியும் அப்பி வேகம் தின்னும். வரிசை ஏன் நேராக நிற்கவில்லை என்பதற்குக் கேப்டனின் மனத்தை மட்டும் துழாவிப் பயனில்லை.

இத்தனைக்கும் தீர்வு திருகோணமலை. ஆகஸ்ட் 25 அளவில் துருப்புகளை இறக்கினார்; மாத முடிவுக்குள் கோட்டைகள் சரணடைந்தன. ஹியூஸ் செப்டம்பர் 2 மாலைதான் வந்தார். பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் 14 கப்பல்களோடு சுஃப்ரேன் வெளியே வந்தார், ஹியூஸிடம் 12. தென்மேற்குக் காற்று. ஹியூஸ் ஒழுங்கான வரிசையில் காற்றோடு விலகி விலகிப் போய், பிரெஞ்சுக்காரரைத் துறையிலிருந்து வெகுதூரம் இழுத்துச் சென்றார். துரத்தும் வரிசை கலைந்தது. நெருங்கச் சொல்லும் கொடியை ஏற்றிய சுஃப்ரேன், கவனத்தை இழுக்க ஒரு பீரங்கியை வெடிக்கச் சொன்னார். அவருடைய கப்பலின் ஆட்களே அதைச் சுடுவதற்கான உத்தரவு என்று எடுத்துக்கொண்டு பக்கப் பீரங்கிகள் அத்தனையையும் வெடித்துவிட்டார்கள். மற்ற கப்பல்களும் தொடர்ந்தன, இன்னும் தூரத்தில் இருக்கும்போதே. ஏரோ, இலுஸ்த்ர், அஜாக்ஸ் மூன்றும் ஹியூஸின் நடுப்பகுதியில் தனியாக மாட்டிக்கொண்டன. ஏரோவின் நடுமரம் விழுந்தது. காற்று மாறிக் கைகொடுத்ததால் தப்பினார்கள்.

இதற்குமேல் பட்ட நட்டம் எதிரியால் அல்ல. சில நாட்களில் துறைக்குள் நுழையும்போது 74 பீரங்கி 'ஓரியான்' பாறையில் ஏறி அழிந்தது; அதன் மரங்கள் ஏரோவுக்குப் போயின. அக்டோபர் தொடக்கத்தில் கடலூரில் 'பிசார்' கரைக்கு மிக நெருங்கித் தரைதட்டி உடைந்தது. நான்கு கேப்டன்கள், த்ரோம்லேனும் அவர்களில் ஒருவர், உடல்நலம் அது இது என்று சொல்லி விடைபெற்று மொரீஷியஸுக்குக் கப்பலேறினார்கள். சுஃப்ரேன் தடுக்கவில்லை, போனது நிம்மதி என்றே நினைத்திருப்பார்.

பருவக்காற்றுக்கு ஹியூஸ் பம்பாய் போனார். சுஃப்ரேன் சுமத்ராவின் அச்சே துறைக்குப் போனார். கிட்டம், நல்ல தண்ணீர், சீக்கிரம் திரும்பலாம். ஜனவரியில் ஒரிசாக் கரையின் கஞ்சாம் அருகே கவென்ட்ரி என்ற ஃபிரிகேட்டைப் பிடித்தபோதுதான், ஹைதர் அலி டிசம்பர் 7 அன்று இறந்த செய்தி தெரிந்தது. மார்ச்சில் வயதான பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி துருப்புகளோடு வந்து பரங்கிப்பேட்டையில் இறங்கினார். ஜூனில் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டுவர்ட் அவரைக் கடலூருக்குள் அடைத்து முற்றுகையிட்டார். காவலுக்கு வெளியே ஹியூஸ், 18 கப்பல்களோடு. சுஃப்ரேனிடம் 15, அதுவும் ஆள் போதாமல். கடலூருக்கு முன்னால் நங்கூரமிட்டு, புஸ்ஸியிடமிருந்து 1,200 பேரை வாங்கிப் பீரங்கிகளில் நிறுத்தினார்.

இங்கேதான் தெ க்ராஸின் கதை வந்து சேர்கிறது. தளபதி பிடிபட்ட அவமானத்துக்குப் பின் பதினாறாம் லூயி அரசன் இட்ட உத்தரவு: போரின்போது படைத்தலைவர் வரிசைக்கு வெளியே ஒரு ஃபிரிகேட்டில் இருந்துகொள்ள வேண்டும். எப்போதும் தாமே முன்னால் பாய்ந்து மற்றவர் பின்தொடர்வார்கள் என்று நம்பிய சுஃப்ரேன், ஜூன் 20 அன்று க்ளேயோபாத்ர் ஃபிரிகேட்டில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், ஐந்து போர்களில் பிரெஞ்சு வரிசை ஒழுங்காக நின்றது அன்றுதான். தந்திரம் எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் நேருக்கு நேர் பீரங்கி. தண்ணீர் குறைந்து, ஸ்கர்வி பரவி, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். சுஃப்ரேன் வாங்கிய 1,200 பேரோடு இன்னும் அத்தனை பேரைச் சேர்த்துக் கரையில் இறக்கிவிட்டார். ஸ்டுவர்ட்டின் முற்றுகை தலைகீழாகும் நிலை. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 29 அன்று, சமாதானக் கொடியோடு மெடியா என்ற ஆங்கிலேயக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

ஒப்பந்தத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்ஸுக்குத் திரும்பின. திருகோணமலை டச்சுக்காரருக்கு. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது. சுஃப்ரேன் 1784 மார்ச்சில் தூலோன் சேர்ந்தார். போகும் வழியில் நன்னம்பிக்கை முனையில் நங்கூரமிட்டிருந்த ஹியூஸின் கேப்டன்கள் அவர் கப்பலுக்கே வந்து மரியாதை செலுத்தினார்கள். சொந்தக் கேப்டன்கள் தராததை அவர்கள் தந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. வெர்சாயில் அவருக்காகவே நான்காவது வீஸ் அமிரால் பதவி ஒன்று உருவாக்கப்பட்டது, அவரோடு முடிந்துவிடும் என்ற நிபந்தனையோடு. 1788 டிசம்பர் 8 அன்று பாரிஸில் இறந்தார்.

கடற்படை அமைச்சர் கஸ்த்ரீஸ் இந்த ஐந்து போர்களின் அறிக்கைகளையும் படித்தவர். 1786 ஜனவரியில் அவர் வெளியிட்ட ஆணைகள் கார்ட் கம்பெனிகளைக் கலைத்து, 'எலேவ் தெ லா மரீன்' என்ற புதிய மாணவர் முறையைக் கொண்டுவந்தன; நீலர்களுக்கும் நிரந்தரப் பதவியின் கீழ்ப்படி ஒன்று திறந்தது. பலன் தெரிய பத்துப் பதினைந்து ஆண்டு வேண்டும். மூன்றரை ஆண்டில் புரட்சி வந்துவிட்டது. தம் காலத்துக் கேப்டன்களில் சுஃப்ரேன் மனமார மெச்சியவர் ஒருவர் உண்டு, அல்பேர் தெ ரியோன். படைகளை நடத்தத் தகுதியானவர் என்று அமைச்சருக்கே எழுதினார். சுஃப்ரேன் செத்து ஓராண்டு முடிவதற்குள், 1789 டிசம்பர் 1 அன்று, தூலோன் துறைமுகத்தின் தளபதியாக இருந்த ரியோனை அந்த நகரத்துக் கூட்டம் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தது.